காட்சிக்கு வைத்த பூட்டு

பெற்ற மகனை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்க இரண்டாயிரத்து நூறு ரூபாய் ஆகும் என்று தேனியில் விலை சொன்னார்கள். அபுபக்கர் பேசி ஆயிரத்து அறுநூற்றைம்பதுக்கு முடித்தார்.

கம்பத்திலேயே பூட்டு விற்கிற கடைகள் எட்டு இருக்கின்றன. எட்டிலும் அவரைத் தெரியும் என்பதுதான் சிக்கல். முப்பத்தைந்து வருடமாக ஏலக்காய் வாங்கி விற்கிறவர். மலையிலிருந்து மூட்டை இறக்குகிறவன் அவர் பெயரைப் பார்த்துத்தான் ரொக்கம் கேட்காமல் இறக்குகிறான். வாசல் கதவுக்கு அவர் புதுப் பூட்டு வாங்கினால், யாருக்குப் பயந்து வாங்கினார் என்று காலையில் கம்பம் பேசும், மதியத்துக்குள் குமுளி பேசும். அதனால்தான் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு ஹார்டுவேர் கடைக்கு வந்திருந்தார்.

கடைக்காரன் சுரேஷ்கண்ணனுக்கு முப்பது வயது இருக்கும். பூட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்துச் சாவியைத் திருகிக் காட்டினான். மூன்று இரும்பு நாக்குகள் பக்கவாட்டில் சடக்கென்று நீண்டன.

"கடப்பாரை வச்சு நெம்புனாலும் அசையாது பாய்."

"கடப்பாரையோட எவன் தம்பி வரப்போறான்? சாவியோட வர்றவனுக்கு என்ன வழின்னு சொல்லு."

சுரேஷ்கண்ணன் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். "வீட்டுக்கா, குடோனுக்கா?"

"குடோனுக்கு" என்றார் அபுபக்கர், கண் சிமிட்டாமல்.

பிறகு பெயிண்ட் டப்பா ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்துவிட்ட ஆளை எழுப்புவதற்குக் கடைக்காரன் ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடை வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரித்தார். கடைக்காரனின் அப்பாவுக்கு மூட்டுவலி என்று தெரிந்ததும் அதற்கு ஒரு எண்ணெய் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பூட்டைத் தூக்கிப் பார்த்து, கைப்பிள்ளைக்கு எடை குறைந்துவிட்டதுபோல உதட்டைப் பிதுக்கி, திரும்ப வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து சுரேஷ்கண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க சொல்ற விலைக்கு வேணும்னா ஒண்ணு செய்யலாம் பாய். கண்ணாடிக்குள்ள காட்சிக்கு வச்ச பீஸ் இருக்கு. பூட்டு புதுசுதான், ஒரு கீறல் கிடையாது. மூணு சாவியில ஒண்ணுதான் எங்கயோ போயிருச்சு."

"எங்க போச்சு?"

"தெரிஞ்சா ஏன் பாய் நானூத்தம்பது ரூவா குறைக்கிறேன்?"

அபுபக்கர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

சாவி ஒன்று ஊருக்குள் எங்கோ அலைந்துகொண்டிருக்கும் பூட்டை, விலை மலிவு என்பதற்காகப் பாதுகாப்புக்கு வாங்குகிறவன் வியாபாரியாக மட்டும்தான் இருக்க முடியும். பஸ் சின்னமனூரைத் தாண்டும்போது இது அவருக்கும் உறைத்தது. அப்புறம் சமாதானம் செய்துகொண்டார். காணாமல் போன அந்தச் சாவிக்குத் தன் வீடு எது என்று தெரியாது. அல்தாப்புக்குத் தெரியும்.

அல்தாப்புக்கு இருபத்தாறு வயது. ஒரு பிடி ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, எந்த மலை, எத்தனை நாள் காயவைத்தது என்று சொல்லிவிடுவான். அந்தக் கை போனில் ரம்மி ஆடப் போனது. முதலில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பழுதுபார்க்கப் போய்த் திரும்பாமலே இருந்தது. பிறகு அக்காள் பாஜிலாவின் வளையல்கள். உத்தமபாளையத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவள், தாயின் பீரோவில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளையோடு திரும்பிவந்து பார்க்கையில் வளையல் இருந்த டப்பி மட்டும் இருந்தது. அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அபுபக்கர் கை ஓங்கவில்லை. வியாபாரி பேசுகிறமாதிரியே பேசினார். "வளையலோட வந்தா வீட்டுக்குள்ள வா. இல்லாட்டி இந்தப் பக்கம் வராத."

அல்தாப் போய்ப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. குமுளியில் ஜோஷ்வா என்ற சிநேகிதனின் அறையில் இருப்பதாகக் கேள்வி. போன் அணைந்து கிடந்தது. ஆனால் வாசல் கதவின் சாவி அவன் பையிலேயே இருந்தது. அதை வாங்கி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவன் தாய் ஜெய்த்தூன் பீவி வாங்க விட்டிருக்க மாட்டாள்.

இடையில் இரண்டு தடவை, புருஷனும் மனைவியும் பேரப்பிள்ளையைப் பார்க்க உத்தமபாளையம் போயிருந்த நேரத்தில், அவன் வந்துபோயிருக்கிறான். சட்டியில் சோறு குறைந்திருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். வேறெதுவும் காணாமல் போகவில்லை.

"பசிச்சு வந்திருக்கு புள்ள" என்றாள் ஜெய்த்தூன் பீவி.

"நோட்டம் பாத்துட்டுப் போயிருக்கான்" என்றார் அபுபக்கர்.

மருமகன் அப்சல் மரியாதைக்காரர், குரலை உயர்த்தாதவர். "மாமா, அவன் இன்னும் சாவியோடயா சுத்துறான்?" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டுப் பூட்டு மாறுகிறவரை பாஜிலாவும் குழந்தையும் கம்பத்துக்கு வர மாட்டார்கள் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. ஒரு பக்கம் மகளும் பேரனும், இன்னொரு பக்கம் மகன். இரண்டு தட்டையும் அபுபக்கர் ஒரு ராத்திரி முழுக்க நிறுத்துப் பார்த்தார். விடிந்ததும் தேனி பஸ் ஏறினார்.

ஜெய்த்தூன் பீவி எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் கொஞ்சம் இறங்கி வந்திருப்பார். பேசாத ஆளிடம் எங்கே இறங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே வேலையைத் தொடங்கினார். ஆசாரியைக் கூப்பிட்டால் விஷயம் தெருவுக்குப் போய்விடும். போனில் ஒரு மலையாளத்துப் பையனின் வீடியோ கிடைத்தது. குமுளியில் பேரம் பேசிப் பழகிய மலையாளம் அவருக்குப் போதும். பையன் நான்கு திருகாணியைக் கழற்றினான், நான்கு திருகாணியைப் போட்டான். "இத்ரேயுள்ளூ" என்று, அவ்வளவுதான் என்கிறமாதிரிச் சிரித்தான். மொத்தம் ஆறு நிமிஷம்.

அபுபக்கருக்கு முதல் திருகாணிக்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டார். திருப்புளி வழுக்கி உள்ளங்கையில் குத்தியது. ஏலக்காயை மூக்கருகே கொண்டுபோவதற்கு மேல் பாரமான வேலை எதையும் அறியாத கை அது. பழைய பூட்டு கழன்று விழுந்தபோது, அது இருந்த இடத்தில் மரம் வெளிறி, மீசை எடுத்த மேலுதடுபோல அசிங்கமாகத் தெரிந்தது. புதுப் பூட்டு அரை விரல்கடை பெரியது. சாவித்துளை பழைய ஓட்டைக்குள் வந்துவிட்டது, ஆனால் விளிம்பில் மரத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. உளியும் சுத்தியலும் எடுத்தார்.

உளிச் சத்தம் ஒரு தெருவுக்கு எதைச் சொல்லுமோ அதைச் சொல்லிவிட்டது. ஐந்தாவது அடியில் எதிர்வரிசை வீட்டு மலைச்சாமி வந்து நின்றான். அவன்தான் ஆசாரி. மலைச்சாமிக்கு அபுபக்கர் மாமா முறை. யார் வழியில் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது, இரண்டு தலைமுறையாக அப்படித்தான் கூப்பிட்டு வருகிறார்கள்.

"மாமா, உளிய அப்படிப் புடிச்சா கதவு வலிக்குதுங்கும்."

"சாவி தொலைஞ்சு போச்சுடா மாப்ள. அதான்."

"தொலைஞ்சுதான் போச்சு" என்றான் மலைச்சாமி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். "ஏன் மாமா, என்னயக் கூப்பிட்டா என்ன? கூலி கேட்டுருவேன்னு பயந்தீகளா?"

"நீ நாலு பேருகிட்டச் சொல்லுவடா."

"சொல்லுவேன்தான்." அவன் மறைக்கவில்லை. "ஆனா மொதல்ல அல்தாப்புகிட்டச் சொல்லியிருப்பேன். 'ஏலே, உங்கத்தா பூட்ட மாத்தச் சொல்றாரு, இன்னைக்கே போயி கால்ல விழுந்துரு'ன்னு."

அபுபக்கர் உளியை மரத்தில் வைத்து ஓங்கி அடித்தார். தேவைக்குமேல் ஒரு சில் பெயர்ந்து வந்தது. மலைச்சாமி வாயால் 'ச்ச்' கொட்டிவிட்டு, உதவி செய்யவா என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பூட்டு கதவில் உட்கார்ந்துவிட்டது. நாக்குகள் போய் விழ வேண்டிய கூட்டை நிலையில் பொருத்த வேண்டும், அது எந்த உயரத்தில் என்பதுதான் பிடிபடவில்லை. வீடியோப் பையன் அதற்கு ஒரு வழி சொன்னான். அபுபக்கர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சுருமாச் சிமிழக் கொஞ்சம் கொண்டா."

ஜெய்த்தூன் பீவி எதற்கென்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நாக்கின் நுனியிலும் மையைத் தடவிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருகினார். திறந்து பார்த்தபோது நிலையில் மூன்று கறுப்புப் பொட்டுகள் விழுந்திருந்தன. அவற்றைச் சுற்றிச் செதுக்கி, கூட்டை வைத்து முடுக்கினார். மதியத் தொழுகை லுஹருக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியது.

ஜெய்த்தூன் பீவி மரத்தூளைக் கூட்டி அள்ளினாள். குப்பையில் போடப்போன அட்டைப் பெட்டியை ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்தாள். பெட்டிமேல் பூட்டின் படம் இருந்தது. பக்கத்தில் ஒரே வளையத்தில் மூன்று சாவிகள். அவர் அவளிடம் கொடுத்தது ஒன்று. அவர் இடுப்பில் செருகியது ஒன்று.

"இன்னொண்ணு எங்கங்க?"

நானூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடித்த கதையைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். வேறொரு நாளாக இருந்தால் பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்து நடித்தே காட்டியிருப்பார். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. பன்னிரண்டு நாளாக இறுகிக் கிடந்த முகம் தண்ணீர் பட்ட மண்போல நெகிழ்ந்தது.

"சரி, சரி. நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேணாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஜோஷ்வா கையில குடுத்துவிட்டீகளா? மருமகனுக்காகத்தான இந்த வேலையெல்லாம்? உங்க மனசு எனக்குத் தெரியாதாக்கும்."

அபுபக்கர் இருமினார். "மண்ணெண்ணெய் வாடை ஒத்துக்கல" என்றார்.

வாங்குகிறவன் கேட்காத குறையை விற்கிறவன் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் ஒரு தர்மம் வைத்திருந்தார். பள்ளிவாசல் பயானில் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள், அதை அவர் வெள்ளிக்கிழமைதோறும் தலையாட்டிக் கேட்டும் வந்தார். இப்போது அவர் பொய் சொல்லவில்லை. அவள் தானாக ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, அதற்குத் தானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டாள். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் அவள் ரத்த அழுத்த மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்திருந்தாள். மத்தியானம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மீன் குழம்பில் ஒரு துண்டை எடுத்துத் தனியாக மூடிவைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. எப்படிச் சொல்வது?

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருக்குள்ளேயே விலை இறங்கிக்கொண்டிருந்தது. வளையலோடு வந்தால்தான் உள்ளே என்று தொடங்கியவர், திங்கட்கிழமை, வளையல் அடகு வைத்த சீட்டைக் கொண்டுவந்தால் போதும் என்று இறங்கினார். செவ்வாய்க்கிழமை சீட்டுகூட வேண்டாம், வாசலில் நின்று 'அத்தா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், தன் இடுப்பிலிருக்கிற சாவியையே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற இடத்துக்கு வந்து நின்றார். அவ்வளவு கீழே அவர் வாழ்நாளில் எந்தச் சரக்குக்கும் இறங்கியதில்லை. இறங்கியதை வாங்க வேண்டியவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், அசர் தொழுகை நேரம். மலைப் பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. காற்றாடி நின்றுபோனதால் வீட்டுக்குள் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. ஜெய்த்தூன் பீவி ஹாலின் ஓரத்தில் முஸல்லா விரித்துத் தொழுகையில் நின்றிருந்தாள். அபுபக்கர் கதவிலிருந்து ஐந்து எட்டு வைக்கிற தூரத்தில் நாற்காலியில் இருந்தார்.

வாசல் கேட் கொண்டி தூக்கப்பட்டது. செருப்புச் சத்தம். இடது காலை லேசாக இழுத்து வைக்கிற நடை. பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து அல்தாப் அப்படித்தான் நடப்பான்.

சாவி துளையில் உரசியது.

ஜெய்த்தூன் பீவிக்கும் கேட்டது. ஓதிக்கொண்டிருந்த உதடு ஒரு கணம் நின்று, மறுபடி அசைந்தது. அவளிடம் பதற்றம் இல்லை. பிள்ளை கையில் சாவி இருக்கிறது, திறந்துகொண்டு வருவான், சோறு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். அவள் குனிந்து, பிறகு ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தாள். வழக்கத்தைவிட வெகுநேரம் வைத்திருந்தாள். வேண்டுதலில் மூழ்கியவள் அதற்குப் பிறகு எந்தச் சத்தத்தையும் காதில் வாங்கவில்லை.

சாவி மறுபடி உரசியது. புரட்டிப் போட்டு இன்னொரு தடவை. அப்புறம் எதுவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு விடுகிறது தெரிந்தது.

கூப்பிடு, என்று அபுபக்கர் மனதுக்குள் சொன்னார். ஒரு வார்த்தை. கதவையாவது தட்டு.

பேரத்தில் யார் முதலில் வாய் திறக்கிறானோ அவனுக்குத்தான் நஷ்டம். முப்பத்தைந்து வருடத்தில் அவர் முதலில் வாய் திறந்ததே கிடையாது. எதிரே இருக்கிறவன் மூக்கைச் சொறிவான், கடிகாரத்தைப் பார்ப்பான், எழுந்துகூட நிற்பான். அசையாமல் இருக்க வேண்டும். இருந்தால் வழிக்கு வருவான். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! கால் எழுந்திருக்கப் பார்த்தது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக ஏதோ உள்ளே தள்ளப்பட்டது. பழைய சாவி. மிதியடியின் விளிம்பில் இடித்து நின்றது.

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. பேரம் முறித்துக்கொண்டு போகிறவன் நாலாவது எட்டில் வேகத்தைக் குறைப்பான், பின்னாலிருந்து கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டுவான். அபுபக்கர் எண்ணினார். நாலாவது எட்டு, ஐந்தாவது எட்டு. வேகம் குறையவில்லை. கேட்டைச் சாத்திக் கொண்டியை அவன் பதவிசாகப் போட்டுவிட்டுப் போனான்.

ஜெய்த்தூன் பீவி தொழுகையை முடித்து வலப்பக்கம் ஸலாம் கொடுத்தாள், இடப்பக்கம் கொடுத்தாள். முஸல்லாவின் முனையை மடித்தபடி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"உள்ள போயிட்டானா? அத்தாவுக்கு ஸலாம் சொன்னானா?"

அவர் மிதியடியைப் பார்த்தார். அவள் கண் அவர் கண் போன இடத்துக்குப் போனது. எழுந்துபோய் மிதியடிமேல் குனிந்து, சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பழையது என்று தெரிய நேரமாகவில்லை.

"அவன்கிட்ட புதுச் சாவி இல்ல, ஜெய்த்தூன்."

"நீங்க குடுத்துவிட்டீக."

"நான் குடுக்கல. கடையிலயே ரெண்டுதான் இருந்துச்சு. அதுக்காகத்தான் நானூத்தம்பது கொறைச்சுக் குடுத்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் பதிலுக்கு அவரும் கத்தலாம். அவள் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அத மொதல்லயே சொல்லியிருந்தா," என்றாள், "நான் தொழுகைய முறிச்சுட்டு எந்திருச்சுப் போயித் தெறந்துவிட்டிருப்பேனே."

அபுபக்கர் செருப்பில்லாமல் வெளியே ஓடினார். தெருவில் சாரல்தான் இருந்தது. எதிர்வரிசையில் மலைச்சாமி பலகை இழைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"இப்பத்தான் மாமா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். ஏலே அல்தாப்புன்னு கூப்பிட்டேன். திரும்பல."

ஆட்டோ பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எவ்வளவு என்று கேட்காமல் ஏறினார். பஸ் ஸ்டாண்டில் குமுளி வண்டியும் கிளம்பியிருந்தது, திண்டுக்கல் வண்டியும் கிளம்பியிருந்தது. டீக்கடையிலும் கழிப்பறை வாசலிலும் தேடினார். ஜோஷ்வாவின் நம்பரைத் தேடி வாங்கிப் பேசினார். "இங்கனதான் இருந்தான் அங்கிள். காலையில பையத் தூக்கிட்டு, ரூமக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். ஊருக்குப் போறேன், வீட்ல சொல்லிட்டுப் போறேன்னான். எந்த ஊருன்னு சொல்லல" என்றான் ஜோஷ்வா.

நனைந்துகொண்டே வீடு வந்தார். கதவு பூட்டியிருந்தது. சுருமா அப்பிய நாக்குகள் மூன்றும் நிலைக்குள் ஆழமாக இறங்கி, கைப்பிடி கொஞ்சமும் ஆடாமல், நல்ல வேலைப்பாடாக இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். அடுப்படியில் மூடிவைத்திருந்த மீனை ஜெய்த்தூன் பீவி பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு உத்தமபாளையத்திலிருந்து அப்சல் பேசினார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"மாமா, பூட்டு மாத்திட்டீகளாமே? பாஜிலா வெள்ளிக்கிழம வரணும்னு நிக்கிறா. தப்பா எடுத்துக்கிராதீக, மொத்தம் எத்தன சாவி? யார் யார்கிட்ட இருக்கு?"

அபுபக்கர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார்.

"சாவி ரெண்டு மாப்ள. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு உங்க மாமிகிட்ட. வீட்ல ஆளும் ரெண்டுதான். கணக்குச் சரியா இருக்கு."